கடல் பக்கத்துச் சுவர்

மாமியாரும் மருமகளும் ஒரே நிறத்துக்கு ஆசைப்படுவது உலகத்தில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. மாம்புரிக் கரையில், பஸ்தியான் வீட்டில் அது நடந்தது என்று சென்ற வாரம் சொன்னபோது உங்களில் சிலர் நம்பியிருக்கமாட்டீர்கள். ஒரே குசினியில் இரண்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஜூலியானாவும் சுதர்சினியும் ஒரே பஸ்ஸில் ஏறிப் புத்தளம் போனார்கள். நௌஃபர் நானாவின் பெயின்ட் கடையில் ஒரே கலர் அட்டைக்கு மேல் குனிந்தார்கள். ஒரே கட்டத்தில் விரலை வைத்தார்கள்.

பவளச் சிவப்பு.

முதலில் விரலை வைத்தவர் மாமியார். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சாம்பல் நிறச் சேலையே உடுத்துப் பழகிய பெண், "இது நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெட்கத்தோடு மருமகளைப் பார்த்தார். சுதர்சினியின் கண்ணும் அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. மாரவிலையில் தென்னந்தோட்டத்து வீடொன்றிலிருந்து வாழ வந்தவள் அவள். வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவள் தெரிவு செய்த பொருள் என்று ஒரு கரண்டிகூடக் கிடையாது.

அவளுடைய கணவன் அன்ரன் கட்டாரிலிருந்து திரும்பி வந்து, தகப்பன் பஸ்தியானின் படகில் ஏறி ஒரு வருடமாகிறது. தகப்பனும் மகனும் நேற்று மத்தியானம் படகைத் தள்ளிக்கொண்டு போன கையோடு பெயின்டர் றிம்ஸான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். தலவில அன்னம்மாள் கோயில் திருநாள் நெருங்கிவிட்டது. விருந்தாட்கள் வரமுன்னம், ஆண்கள் இரண்டு பேரும் விடியக் கரைக்கு வந்து இறங்கும்போது, வீடு புதுப்பெண் மாதிரி நிற்கவேண்டும் என்பது பெண்களின் திட்டம்.

நல்ல திட்டம்தான். அதில் இருந்த பிழை கரையில் நின்ற ஒருவருக்கும் தெரியாது.

*

விடிந்து கொஞ்ச நேரத்துக்குள் றிம்ஸான் இரண்டாம் பூச்சையும் முடித்துவிட்டான். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து தகப்பனின் தோளில் வந்தவன். இன்று புத்தளத்தில் அவன் தூரிகை படாத கல்யாண வீடு குறைவு. உப்புக் காற்றுக்கு எண்ணெய்ப் பெயின்ட்தான் நிற்கும் என்று அவன் சொன்னபடியே வாங்கியிருந்தார்கள். மணம் மூக்கைத் துளைத்தது.

சுதர்சினி தண்ணீர் விளிம்பு வரைக்கும் இறங்கிப்போய்த் திரும்பிப் பார்த்தாள். கடலைப் பார்த்த சுவர் முழுவதும் சிவப்பு. அவித்த சிங்க இறாலின் ஓடு மாதிரி ஒரு சிவப்பு. அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் காய்ச்சலில் எழும்பினவை போல வெளிறித் தெரிந்தன. அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது.

"தூரத்தில இருந்து பார்க்க எப்படி இருக்கு?" என்று ஜூலியானா வாசலில் நின்று கேட்டார்.

"கண்ணக் குத்துது, மாமி."

"குத்தட்டும். இவ்வளவு காலமும் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது."

அது உண்மை. பஸ்தியானுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் திருநாளுக்கு முன்னால் கடல் பக்கத்துச் சுவருக்குத் தானே சுண்ணாம்பு அடிப்பார். அந்த ஒரு சுவருக்கு மட்டும். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி ஒருமுறை அடிப்பார். மற்ற மூன்று சுவர்களில் பாசி பிடித்தாலும் அவருக்குக் கவலையில்லை. கேட்டால் பதில் வராது. அது அன்னம்மாளுக்கு வைத்த நேர்த்திக்கடன் என்று ஜூலியானா தானாகவே ஒரு விளக்கத்தைச் செய்துகொண்டு, ஊருக்கும் அதையே சொல்லியிருந்தார்.

இந்த வருடம் அவருக்கு ஏணியில் ஏற முடியவில்லை. முழங்கால் விட்டுவிட்டது. அதுதான் பெண்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

"மாமா ஏசுவாரோ?"

"ஏசினா ஏசட்டும். நேர்த்திய நான் அன்னம்மாளோட கதைச்சுக்கிறன்" என்றார் ஜூலியானா. "நீ வந்து தேத்தண்ணியக் குடி."

சுதர்சினி குடிக்கவில்லை. அதற்குள் அன்ரனிப்பிள்ளை வந்துவிட்டான்.

*

அன்ரனிப்பிள்ளை மூன்று வீடு தள்ளி இருப்பவன், சொந்தமாகப் படகு வைத்திருப்பவன். நேரே கடலிலிருந்து ஏறி வந்திருந்தான். சாரம் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. முழங்காலில் தோல் உரிந்து இரத்தம் வடிந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்ன தம்பி, பேயைக் கண்ட மாதிரி" என்றார் ஜூலியானா.

"ஆர் இத அடிச்சது?"

"நாங்கதான். ஏன், நல்லா இல்லையா?"

அவன் மணலில் குந்தினான். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். றிம்ஸான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதைக் குடித்த பிறகுதான் அன்ரனிப்பிள்ளைக்குக் கதை வந்தது.

"என்ட போட் பாரில ஏறிட்டுது அக்கா. அடி கிழிஞ்சிட்டுது. நாங்க மூணு பேரும் குதிச்சுத் தள்ளி, ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தம்."

கரைக்கு முன்னால் கடலுக்குள் நீளமாக ஒரு முருகைக்கல் பார், பவளப்பாறைத் திட்டு, கிடக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தென்மேல் காற்று அடிக்கிற இந்த மாதங்களில் அதன்மேல் அலை உடைகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். அதற்கு நடுவில் படகு நுழைய ஒரு வழி இருக்கிறது என்பதும் தெரியும். அந்த வழி எங்கே என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது மட்டும் பெண்களுக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. கடல் அடையாளங்களைக் கரையில் வாய்விட்டுச் சொன்னால் கடல் கோபிக்கும் என்பது இந்தக் கரையின் பழக்கம். தகப்பன் மகனுக்குச் சொல்வான். அதுவும் படகில் வைத்து, கை காட்டாமல், காதோடு காதாக.

"ஏன் தம்பி பாரில ஏறினது? உனக்குத் தெரியாத வழியா?"

அன்ரனிப்பிள்ளை தரையைப் பார்த்தபடி சொன்னான். "அக்கா, இதச் சொல்லக் கூடாது. ஆனா சொல்லாம ஏலாது. உங்கட இந்த வெள்ளச் சுவரும் கோயில் சிலுவையும் ஒரு நேர்கோட்டில வரவேணும். அந்தக் கோட்டப் பிடிச்சுக்கொண்டு வந்தா வழி. ஒரு ஆள் நீளம் விலகினா கல்லு. என்ட அப்பா எனக்கு மட்டும் சொன்னது. இண்டைக்கு வெளிச்சம் வரேக்க பார்த்தா, வெள்ளச் சுவர் இல்ல. ஊரே மாறின மாதிரி இருந்தது. நான் பக்கத்து வீட்டுத் தகரத்தச் சுவர் எண்டு நினைச்சுத் திருப்பிட்டன்."

ஜூலியானாவின் கையில் இருந்த தேத்தண்ணீர்க் கோப்பை சரிந்து, சூடாகக் காலில் கொட்டியது. அவர் காலை எடுக்கவில்லை.

"அப்ப அவர் அடிச்ச சுண்ணாம்பு..."

"அது நேர்த்தி இல்ல அக்கா."

இத்தனை வருடமாகத் தன் கணவன் பக்திமான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பெண் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சுதர்சினிதான் பேசினாள்.

"மாமாவும் இவரும் வந்திட்டாங்களா?"

அன்ரனிப்பிள்ளை தலையை ஆட்டினான். இல்லை என்று.

*

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. வெளிச்சம் நன்றாக வரும்வரை வெளியே காத்திருந்துவிட்டுத் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த மற்றப் படகுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது ஒரு விஷயம் வெளியே வந்தது. வேறு நாளென்றால் ஊர் சிரித்திருக்கும்.

"எனக்கும் இந்தச் சுவர்தான்" என்றார் ஒருவர்.

"எங்கட அப்பா என்னட்டச் சத்தியம் வாங்கிட்டெல்லோ சொன்னவர், ஒருத்தருக்கும் சொல்லாத எண்டு."

"என்ட மாமனாரும்தான்."

தங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமான இரகசியம் என்று ஒவ்வொருவனும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தது ஊர் முழுவதுக்கும் பொதுவான சுவராக இருந்தது. சொல்லியிருந்தால் இந்தப் பெண்கள் சுவரைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஆனால் யாரைக் குறை சொல்வது? சொல்லாததுதானே வழக்கம்.

எல்லாப் படகும் வந்துவிட்டது. பஸ்தியானின் படகு மட்டும் வரவில்லை.

ஆட்கள் சிலர் படகொன்றைத் தள்ளிக்கொண்டு தேடப் போனார்கள். அன்ரனின் தொலைபேசி வீட்டு அலுமாரியின் மேல் கிடந்தது. போன மாதம் ஒன்று கடலில் விழுந்த பிறகு அவன் கொண்டுபோவதில்லை. சுதர்சினி சுவரையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையில் அவளைச் சிரிக்க வைத்த அதே சிவப்பு. நான்தான், நான்தான் என்று மனம் அடித்துக்கொண்டது.

"றிம்ஸான், வெள்ளை இருக்கா?" என்று திடீரென்று கேட்டாள்.

"அடிப்பூச்சு வெள்ளை ஒரு வாளி இருக்கு அக்கா. ஆனா வேலையில்ல. ஈரச் சிவப்புக்கு மேல வெள்ளைய அடிச்சா ரோஸ் ஆகிடும். காய நாளைக்குப் பின்னேரம் ஆகும்."

"அப்ப மூடுவம்."

"எதால?"

அவள் வீட்டுக்குள் ஓடினாள். திருநாள் விருந்தாட்களுக்கென்று வாங்கி, மடிப்புக் கலையாமல் அலுமாரியில் இருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஜூலியானா அதைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார். சூடு பட்ட காலை இழுத்து இழுத்து நடந்து, வேலிக்கு அந்தப் பக்கம் கத்தினார்.

"வெள்ளையா என்ன இருந்தாலும் கொண்டு வாங்க. கேள்வி கேளாதீங்க."

கொண்டுவந்தார்கள். விரிப்பு, யன்னல் சீலை, மேசை விரிப்பு, முதல் நன்மை வாங்கிய பிள்ளையின் சட்டை, ஒருத்தியின் கல்யாணச் சேலை. ஒருவர் கோயில் பீடத்து வெள்ளைத் துணியையே தூக்கிக்கொண்டு வந்து, பங்குச் சுவாமியிடம் பிறகு கேட்போம் என்றார். றிம்ஸான் ஏணியை நிமிர்த்தி மேலே ஆணி அடித்தான். காற்று அவனுடைய வேலையைக் கெடுத்தது. ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் பறந்தது. துணி பறக்கிற இடத்திலெல்லாம் சிவப்பு எட்டிப் பார்த்தது.

"ஆணி நிக்காது. ஆள் நிக்க வேணும்" என்றான்.

ஆள் நின்றார்கள். கீழே பெண்கள் வரிசையாகச் சுவரோடு சாய்ந்து துணியை முதுகால் அழுத்திக்கொண்டார்கள். மேல் பகுதிக்குச் சுதர்சினி ஏணியில் ஏறினாள். இரண்டு கையையும் விரித்துத் துணியைச் சுவரோடு அப்பிப் பிடித்தாள். பெயின்ட் துணியைத் தாண்டிக் கையில் ஒட்டியது. கன்னத்தில் ஒட்டியது. ஏணியைக் கீழே ஜூலியானா பிடித்திருந்தார்.

"மாமி, செபம் சொல்லுங்க."

"வரல்ல."

செபமாலையைக் கையிலிருந்து இறக்காத பெண் அப்படிச் சொன்னது சுதர்சினியைப் பயப்படுத்தியது. அவள் குனிந்து பார்த்தாள். ஜூலியானா கடலைப் பார்க்கவில்லை. ஏணியின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் விரல் வைச்சது நான்" என்றார்.

"ஆசைப்பட்டது நானும்தான், மாமி."

"என்ட அண்ணன்ட சவத்தையும் இந்தப் பாரிலதான் எடுத்தது. அண்டையில இருந்து இந்த மனிசனிட்ட கெஞ்சுறன், கடல விடுங்க, கடல விடுங்க எண்டு. சண்டைக்காலத்தில நேவிக்காரன் கடலுக்குப் போகாத எண்டு தடுத்தான். ஊர் முழுக்க அழுதது. நான் மட்டும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினன், நன்றி எண்டு." ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "கடைசியில நானே என்ட கையால..."

"அப்படிக் கதைக்காதீங்க."

தேடப்போன படகு திரும்பி வந்தது. அதிலிருந்தவர்கள் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டினார்கள். பாரில் ஒன்றும் இல்லை. ஆளும் இல்லை, பலகையும் இல்லை. அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று யாருக்கும் விளங்கவில்லை. சுதர்சினிக்குக் கை விறைத்துவிட்டது. இறங்கச் சொன்னார்கள். அவள் இறங்கவில்லை.

*

"என்ன இது, சவ வீடா கல்யாண வீடா?"

குரல் கடல் பக்கத்திலிருந்து வரவில்லை. தெருப் பக்கத்திலிருந்து வந்தது.

அன்ரன் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். முழு ஆளாக, நனைந்த சாரத்தோடு, தோளில் ஒரு துவாயோடு. வரிசையாகச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்ற பெண்களையும் ஏணியின் உச்சியில் கையை விரித்து நின்ற மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

சுதர்சினி எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அவனுடைய நெஞ்சில் இரண்டு அடி அடித்தாள். பிறகு ஊர் பார்க்க அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெட்கம் பிறகு வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அவர் எங்க?" என்றார் ஜூலியானா. அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

"அப்பா இருக்கார் அம்மா. ஒண்டுமில்ல. போட்டப் பக்கத்து எத்தாளைக் கரையில ஏத்திட்டம். சுதர்சினிக்கு அங்க இருந்து ஒரு ஆள்ட போனால அடிச்சன், எடுக்கல்ல. பயப்படப் போறீங்க எண்டு நான் முன்னுக்கு ஓடி வந்தன். அப்பா த்ரீவீலில பின்னால வாறார்."

கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டது. யாரோ அன்னம்மாளைக் கூப்பிட்டு நன்றி சொன்னார்கள். பெண்கள் துணிகளை உரித்து, சிவப்புப் பட்ட இடங்களைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போனார்கள். அன்ரனிப்பிள்ளை கிழிந்த படகைப் பார்க்கப் போனான். றிம்ஸான் ஏணியைச் சாய்த்தான்.

அன்ரன் இதொன்றையும் கவனிக்கவில்லை. சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாயையும் மனைவியையும் பக்கத்தில் இழுத்து, குரலைத் தாழ்த்தினான். அவனுடைய கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சமும் இருந்தது.

"அப்பாக்குக் கண் போயிட்டுது, அம்மா."

"என்னடா சொல்றாய்?"

"கிளினிக்கில முதல்லயே சொல்லியிருக்காங்க, சீனி கூடினா கண்ணுக்குள்ள ரத்தம் கசியும் எண்டு. எங்களுக்குச் சொல்லல்ல. இண்டைக்கு விடிய ஏதோ அடையாளத்தத் தேடினார். கண்ணக் கசக்கினார். திரும்பவும் பார்த்தார். அப்பா அழுது நான் கண்டதில்ல அம்மா. இண்டைக்குக் கண்டன். சத்தம் போடாம எழும்பி எஞ்சின என்ட கையில தந்தார். எத்தாளைக்குத் திருப்பு எண்டார். ஒரு வருசமாத் தொட விடாதவர்."

சுதர்சினியின் கண் சுவருக்குப் போனது.

"மணலில ஏறின பிறகுதான் சொன்னார். எங்கட வீட்டு வெள்ளச் சுவர்தானாம் அடையாளம். அது இருந்த இடத்தில அவர்ட கண்ணுக்குச் சிவப்பாத் தெரிஞ்சதாம். ரத்தம் இறங்கிட்டுது, இனி நான் கடலுக்கு ஆள் இல்ல, போட் உனக்கு எண்டுட்டார். மற்ற அடையாளம் எல்லாம் ஒண்டொண்டாச் சொல்லித் தந்தார். நானும் ஒரு சிவப்பக் கண்டனான். கோயில் பந்தல் எண்டு நினைச்சன்..."

இரண்டு பெண்களும் தன் முகத்தைப் பார்க்கவில்லை, தன் தோளுக்கு மேலால் எதையோ பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் அவனுக்குப் பட்டது.

அவன் திரும்பினான்.

தகப்பன் முதல்முதலாகத் தன்னை நம்பியதாக நினைத்து வழி முழுக்கச் சுமந்து வந்த சந்தோஷம் அவனுடைய முகத்திலிருந்து வடிந்து போவதைச் சுதர்சினி பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்ப்பதைவிட ஏணியில் நின்றது லேசாக இருந்தது.

"அப்ப அப்பாட கண்ணுக்கு..." என்றான் கடைசியில்.

"ஒண்டும் இல்ல" என்றாள் சுதர்சினி. "சிவப்பு சிவப்பாத்தான் தெரிஞ்சிருக்கு. மாமா வந்ததும் நான் சொல்றன். என்ட பிழைய நான் சொல்றன்."

"ஓம். சொல்லத்தான் வேணும்." அவன் சொன்ன விதத்தில் மனம் இருக்கவில்லை. ஆனாலும் சொன்னான்.

ஜூலியானா மட்டும் தெருப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

த்ரீவீல் தெருவில் நின்றது. பஸ்தியான் வேலியைக் கையால் தடவிக்கொண்டே நடந்து வந்தார். நேற்று மத்தியானம் படகைத் தோள் கொடுத்துத் தள்ளியவர். இப்போது முன்னால் கால் வைக்கும் இடத்தை முதலில் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். கண் போய்விட்டது என்று ஒரு மனிதன் நம்பிவிட்டால் கால் எவ்வளவு சீக்கிரம் அதை நம்பிவிடுகிறது.

கடல் பக்கம் வந்து, கால் கழுவும் பீப்பாயடியில் நின்றார். மெல்லத் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார். உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

"ஜூலி."

"இஞ்சதான் நிக்கிறன்."

"சுவர் என்ன நிறம்?"

சுதர்சினி வாயைத் திறந்தாள். அதற்குள் ஜூலியானா அவளைத் தாண்டி முன்னால் போய்விட்டார். சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, கணவனுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"என்ன கேள்வி இது. வெள்ளைதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிச் சுதர்சினி கேள்விப்பட்டிருக்கிறாள். ஒரு வீட்டையே மறைப்பவரை இப்போதுதான் பார்த்தாள். அதுவும் யார்? பொய் சொன்னால் நாக்கில் மிளகாய் வைப்பேன் என்று மகனை வளர்த்தவர். நாளைக்குக் கோயில் வாசலில் ஒருவர் வாயைத் திறந்தால் முடிந்தது. பின்னேரம்கூடத் தாங்காத பொய் அது. அது ஜூலியானாவுக்குத் தெரியாதா? தெரியும். இத்தனை வருடம் கெஞ்சிக் கிடைக்காதது இன்று தானாக வாசலுக்கு வந்து நிற்கிறது. ஒரு நாளாவது அதை உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டார் போலும்.

"அம்மா" என்றான் அன்ரன்.

"நீ சும்மா இரு."

பஸ்தியான் தலையை ஆட்டினார். ஒருமுறை, இருமுறை. "நானும் அப்படித்தான் நினைச்சன்" என்றார் மெல்ல. "சரி. போகட்டும். அன்ரன், நாளைக்கு நீ எடு போட்ட." பிறகு மூக்கை உறிஞ்சினார். "என்ன மணம் இது? மகள், நீ சொல்லு. பெயின்ட் மணக்குதே."

தாயும் மகனும் சுதர்சினியைப் பார்த்தார்கள். அன்ரனின் கண் சொல் என்றது. ஜூலியானாவின் கண்ணில், இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் காணாத ஒன்று இருந்தது. மாமியார் அவளிடம் கெஞ்சினார்.

"யன்னலுக்கு அடிச்சம், மாமா" என்றாள் சுதர்சினி. சொன்ன பிறகுதான் சொன்னது தான் என்று அவளுக்கு விளங்கியது.

"ஆ, திருநாளுக்கா. நல்லது." பஸ்தியான் கையை நீட்டினார். "என்னை உள்ள கூட்டிக்கொண்டு போ, மகள். எனக்கு வாசற்படி தெரியா."

அவளால் மறுக்க முடியவில்லை. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவ நேரம் கிடைக்காத கை, முழங்கை வரைக்கும் சிவப்பு. அந்தக் கையைத்தான் கொடுத்தாள். அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாசற்படி ஏறி, கதிரையில் உட்காரும் வரைக்கும் விடவில்லை.

உட்கார்ந்த பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலை அதன்மேல் வைத்து ஒருமுறை தேய்த்தார். பிசுபிசுவென்று ஒட்டியது. மூக்குக்கிட்டக் கொண்டுபோனார்.

கதவடியில் ஜூலியானா அசையாமல் நின்றார்.

பஸ்தியான் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கையைச் சாரத்தில் நிதானமாகத் துடைத்தார். அண்ணாந்து மருமகளின் முகத்தை, சிவப்பு ஒட்டியிருந்த கன்னத்தோடு, நன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "எல்லாம் இருட்டா இருக்கு மகள்" என்றார். "கொஞ்சம் தேத்தண்ணி தா."